சரக்கறையில் ஒளித்துவைத்த கேமரா: நிறுவனத்தின் தற்காப்பா, ஊழியர் மீதான அத்துமீறலா?

தராசுமுள்:

பாரிஸ் நகரத்தின் புகழ்பெற்ற பேரங்காடியான லா சமாரித்தேனில், 2023 ஆகஸ்ட் மாதம் சரக்கறைகளுக்குள் புதிய கேமராக்கள் பொருத்தப்பட்டன. வெளித்தோற்றத்தில் அவை புகை உணர்விகளைப் போலவே இருந்தன. படத்துடன் பேச்சையும் பதிவு செய்ய மைக்குகளும் அவற்றில் இருந்தன. சில வாரங்களில் ஊழியர்களே அவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சரக்கறையில் திருட்டு அதிகரித்ததால் வைத்தோம் என்பது நிறுவனத்தின் விளக்கம். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 செப்டம்பரில் அந்நிறுவனத்துக்கு ஒரு லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

திருட்டு நடந்ததா இல்லையா என்பதை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், எதையும் திருடாத ஊழியர்கள் அந்தச் சரக்கறையில் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. மறைந்திருந்து பார்ப்பது என்ற முடிவை, அதனால் பயனடையப்போகும் தரப்பே தனியாக எடுப்பது நியாயமாகாது. நீதிமன்றமோ ஒழுங்குமுறை அமைப்போ முன்கூட்டி ஒப்புதல் தராத வரையில் எந்தப் பெருநிறுவனமும் தன் ஊழியரை ஒளிந்திருந்து கண்காணிக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

உள்தணிக்கை:

நான் சில்லறை வணிகத்தில் இழப்புத் தடுப்புப் பணியில் இருப்பவன். ஆகவே எந்தத் தரப்பிலிருந்து பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வாதத்துக்கு வசதியான ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டீர்கள். அதன் பக்கத்திலேயே ஸ்பெயின் வழக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டு அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மேலாளர், கையிருப்புக் கணக்குக்கும் விற்பனைக் கணக்குக்கும் இடையே வித்தியாசம் பெருகிவருவதைக் கவனித்தார். ஐந்து மாதங்களில் இழப்பு 80,000 யூரோவைத் தாண்டியது. வாசல்களை நோக்கி எல்லோருக்கும் தெரியும்படி சில கேமராக்களும், பில் போடும் கவுன்ட்டர்களை நோக்கி மறைவாகச் சில கேமராக்களும் பொருத்தப்பட்டன. பத்து நாள் பதிவின் முடிவில் 14 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஐவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார்கள். 2019 அக்டோபர் 17 அன்று, அதிக நீதிபதிகள் அமரும் அதன் பேரமர்வு, தனிவாழ்வுக்கான அவர்களுடைய உரிமை மீறப்படவில்லை என்று 14க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

கவுன்ட்டரில் நடக்கும் திருட்டு எப்படிப்பட்டது என்பதை அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஐந்து பொருள்களில் மூன்றுக்கு மட்டும் பில் போட்டு, மற்ற இரண்டையும் தெரிந்தவரின் பையில் தள்ளிவிடுவார்கள்; அல்லது பில் போட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் போன பிறகு அந்தப் பில்லை ரத்து செய்வார்கள்; அல்லது வராத வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தந்ததாகக் கணக்கு எழுதுவார்கள். இவற்றைச் செய்பவருக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால், அது பார்க்கும் நேரத்தில் ஒழுங்காக நடந்துகொள்வார், அவ்வளவுதான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குற்றவாளி யாரென்று தெரியாத வரையில் அந்தப் பிரிவில் உள்ள அனைவர் மீதும் சந்தேகம் படிகிறது. மறைவான பதிவு, நேர்மையான ஊழியரை அந்தச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கிறது.

கவுன்ட்டர் மூன்று:

நேர்மையான ஊழியரை விடுவிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விடுதலையை அவரிடம் யாராவது வந்து சொல்வதுண்டா? பத்து நாள் பார்த்தோம், உங்கள் மீது எந்தக் குறையும் இல்லை, பதிவை அழித்துவிட்டோம் என்று எந்த நிறுவனமும் தன் ஊழியருக்குக் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் கவுன்ட்டரில் நிற்பவள்தான்.

கையிருப்பு குறைந்தால் அது திருட்டு என்று எடுத்துக்கொள்வதும் சரியன்று. சரக்கு அனுப்பியவர் குறைவாக அனுப்பியிருக்கலாம். பதிவேட்டில் பிழையாக ஏற்றியிருக்கலாம். உடைந்ததையும் காலாவதியானதையும் கழிக்காமல் விட்டிருக்கலாம். வாடிக்கையாளரே எடுத்துச் சென்றிருக்கலாம். இத்தனை காரணங்கள் இருந்தும் முதல் கேமரா எங்கள் தலைக்கு மேல்தான் வருகிறது, ஏனென்றால் எங்களைப் பார்ப்பதுதான் நிறுவனத்துக்கு எளிது.

தராசுமுள்:

உள்தணிக்கை அவர்கள் குறிப்பிட்ட ஸ்பெயின் வழக்கை முழுமையாகச் சொல்லியிருக்கலாம். அதே நீதிமன்றத்தின் சிறிய அமர்வு 2018 ஜனவரியில் ஊழியர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்திருந்தது. கண்காணிப்பைப் பற்றி முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று ஸ்பெயின் சட்டமே சொல்லியிருந்தும் நிறுவனம் அதைச் செய்யவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். பேரமர்வு அதை மாற்றியபோதும் மறைவான கேமராவுக்குப் பொது அனுமதி எதையும் தந்துவிடவில்லை. பெரிய முறைகேடு நடக்கிறது என்று நம்பத் தகுந்த சந்தேகம் இருந்தது, இழப்பு கணிசமானது, கண்காணிப்பு குறுகிய காலமே நீடித்தது, பதிவைச் சிலர் மட்டுமே பார்த்தார்கள், வேறு எதற்கும் அது பயன்படுத்தப்படவில்லை என்ற காரணங்களையெல்லாம் அடுக்கிய பிறகே அந்த முடிவுக்கு வந்தது. சிறு சந்தேகம் இருந்தாலே போதும் என்ற வாதத்தை ஏற்க முடியாது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

இப்போது, பதிவை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் லிடில் நிறுவனத்தின் கடைகளில் நடந்ததை 2008 மார்ச்சில் ஸ்டெர்ன் வார இதழ் வெளிக்கொண்டு வந்தது. கடைக்கு வந்து திருடுபவர்களைப் பிடிப்பதற்காக என்று சொல்லித் துப்பறியும் ஆட்கள் சிறு கேமராக்களைப் பொருத்தினார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகளிலோ எந்த ஊழியர் எத்தனை முறை கழிவறைக்குப் போகிறார், யாருக்கும் யாருக்கும் உறவு இருக்கலாம், யாருக்குப் பணத் தட்டுப்பாடு என்பவை நிறைந்திருந்தன. அந்த நிறுவனத்தின் 35 வட்டாரக் கிளை நிறுவனங்களுக்குச் சேர்த்து அந்த ஆண்டே சுமார் 14.6 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. திருடனைத் தேடி வைத்த கண்ணுக்குத் திருடன் அகப்படாத நேரத்திலும் ஏதாவது அகப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். அகப்பட்டதை எழுதிவைக்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் அதை எழுதாமல் இருக்க மாட்டார்.

வீட்டு மரச்சாமான்கள் விற்கும் இக்கியாவின் பிரெஞ்சு நிறுவனம் கேமராவைத் தாண்டியும் சென்றது. தனியார் துப்பறிவாளர்கள் மூலம் காவல்துறையின் கோப்புகளிலிருந்து ஊழியர்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் ஆகியோரின் விவரங்களைத் திரட்டியது. குறைந்த வருமானமுள்ள ஒருவரால் விலையுயர்ந்த காரை எப்படி வாங்க முடிந்தது என்பது வரை விசாரிக்கப்பட்டது. 2021 ஜூனில் வெர்சாய் நீதிமன்றம் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் யூரோ அபராதமும், அதன் முன்னாள் தலைமை நிர்வாகிக்கு நிறுத்திவைக்கப்பட்ட இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனையும் விதித்தது.

உள்தணிக்கை:

லிடிலையும் இக்கியாவையும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அவை சட்டமீறல்கள், தண்டிக்கப்பட்டன. மருத்துவர் ஒருவர் தவறு செய்தார் என்பதற்காக அறுவை சிகிச்சையையே தடை செய்ய முடியுமா?

நீங்கள் கவனிக்காத ஒன்றை முன்வைக்கிறேன். எச் அண்ட் எம் என்ற ஆடை விற்பனை நிறுவனத்துக்கு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இருந்த சேவை மையத்தில் மறைவான கேமரா எதுவுமே தேவைப்படவில்லை. விடுப்போ நோயோ முடிந்து திரும்பிய ஊழியரை மேலாளர் அழைத்து நலம் விசாரித்தார். அந்த ஊழியர் சொன்ன நோய் விவரமும் குடும்பச் சிக்கலும் மத நம்பிக்கையும் கோப்பில் ஏறின. குறைந்தது 2014 முதல் இது நடந்திருக்கிறது. ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 2020 அக்டோபரில் 3.53 கோடி யூரோ அபராதம் விதித்தார். அடுத்து, பிரான்சில் உள்ள அமேசான் கிடங்குகளில் ஊழியர் கையில் இருக்கும் ஸ்கேனர் ஒளித்துவைத்த கருவியன்று. ஒரு பொருளை ஸ்கேன் செய்து 1.25 விநாடிக்குள் அடுத்ததைச் செய்தால் ஒரு குறி, பத்து நிமிடம் கருவி சும்மா இருந்தால் இன்னொரு குறி என்று அது பதிந்துகொண்டே இருந்தது. இந்த அளவுக்கு நுணுக்கமாகக் கண்காணிப்பது மிகை என்று கூறி, அதே பிரெஞ்சு ஆணையம் 2023 டிசம்பரில் 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது.

பெரிய அபராதங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றில் கண்முன்னே இருந்த கருவி, இன்னொன்றில் புன்னகையோடு நடந்த உரையாடல். பத்து நாள் மட்டும், கவுன்ட்டரை மட்டும், ஒலி இல்லாமல் பார்த்துவிட்டு நிறுத்தப்படும் மறைவான கேமரா, ஆண்டு முழுவதும் விநாடிக் கணக்கில் அளக்கும் வெளிப்படையான ஸ்கேனரைவிட மனிதத்தன்மை உடையது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மறைவு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் தவறான இடத்தில் கோடு கிழிக்கிறீர்கள்.

சட்டப்படி:

இடையில் ஒரு விளக்கம். லா சமாரித்தேன் முடிவிலும் அந்த ஆணையம் மறைவான கேமராவை முற்றாக விலக்கவில்லை. விதிவிலக்கான சூழலில், தற்காலிகமாக, தனியுரிமைக்கு என்ன பாதிப்பு என்பதை முன்கூட்டி ஆராய்ந்து செய்திருந்தால் வேறு கதை. இங்கே அந்த ஆய்வு இல்லை, நிறுவனத்தின் சொந்தத் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கே உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை, பேச்சைப் பதிவு செய்ததற்கும் நியாயம் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றமும் 2017இல், குறிப்பிட்ட ஊழியர் மீது உண்மைகளின் அடிப்படையிலான சந்தேகம் இல்லாமல் அவருடைய கணினியில் விசை அழுத்தங்களைப் பதியும் மென்பொருளை ஒளித்துவைத்துத் திரட்டிய சான்றை ஏற்க மறுத்தது. அந்த நாட்டில் ஊழியர்களின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பக் கருவியைக் கொண்டுவரும் விஷயத்தில் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் குழுவான ஊழியர் மன்றத்துக்கு இணைமுடிவு உரிமை, அதாவது நிறுவனத்தோடு சேர்ந்து முடிவெடுக்கும் உரிமை, உண்டு. ஆகவே நிறுவனம் தானே முடிவெடுப்பது, நீதிமன்றத்திடம் ஓடுவது என்ற இரண்டே வழிகள்தான் உள்ளன என்று நினைக்க வேண்டியதில்லை.

தராசுமுள்:

ஸ்கேனரை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அது ஊழியரின் கையிலேயே இருந்தது. என்ன அளக்கப்படுகிறது என்று கேட்கவும், புகார் எழுதவும், சங்கத்திடம் கொண்டுபோகவும் அவரால் முடிந்தது. தான் பார்க்கப்படுவதே தெரியாதவர் எதை எதிர்த்து எங்கே புகார் செய்வார்? அறுவை சிகிச்சை உவமையும் பொருந்தவில்லை, ஏனெனில் நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் எந்த மருத்துவரும் கத்தியை எடுப்பதில்லை.

இந்த விவாதத்தில் வந்த நிகழ்வுகள் எப்படி வெளிச்சத்துக்கு வந்தன என்பதை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். லிடில், ஒரு வார இதழால். இக்கியா, செய்தி ஊடகங்களால். எச் அண்ட் எம், 2019 அக்டோபரில் கணினி அமைப்பில் நேர்ந்த பிழையால் அந்தக் கோப்புகள் சில மணி நேரம் நிறுவனம் முழுவதற்கும் திறந்து கிடந்ததால். லா சமாரித்தேன், ஊழியர்களின் கண்ணில் பட்டதால். நிறுவனத்தின் உள் தணிக்கை கண்டுபிடித்து, தானே நிறுத்தி, தானே ஊழியர்களிடம் சொன்னதாக இவற்றில் ஒன்றுகூட இல்லை. உங்கள் துறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பத்து நாளில் நிறுத்துவோம், ஒலியைப் பதிய மாட்டோம், வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதியைச் சரிபார்க்க வெளியாள் எவரும் இல்லாதபோது, அதை நம்பும்படி எங்களிடம் கேட்பது அதிகம்.

பில் ரத்து, பணம் திருப்பித் தருதல் போன்றவை கணினியில் பதிவாகின்றன. யார், எந்த நேரத்தில், எத்தனை முறை என்பது அங்கேயே இருக்கிறது. அதை ஆராய்ந்துவிட்டு வந்து, இன்னாரின் கவுன்ட்டரை மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒப்புதல் கேட்பதில் என்ன தடை?

உள்தணிக்கை:

ரத்து செய்த பில் கணினியில் இருக்கும். போடாத பில் இருக்காது. ஆகவே கணினிப் பதிவு எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஆனாலும் அதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஊழியர் மன்றத்தின் பிரதிநிதி ஒருவருக்கு முன்கூட்டித் தெரிவித்து, அவர் முன்னிலையில் பதிவைப் பார்ப்பதையும் என்னால் ஏற்க முடியும். நீதிமன்ற ஒப்புதலுக்கு ஆகும் காலத்தில் சரக்கும் போய்விடும், சான்றும் போய்விடும் என்பதால் அதை ஏற்க மாட்டேன்.

கவுன்ட்டர் மூன்று கேட்ட கடிதத்தையும் நான் ஆதரிக்கவில்லை. குற்றமற்ற ஐம்பது பேரிடம் உங்களை மறைவாகப் பார்த்தோம் என்று சொன்னால், நடந்து முடிந்த ஒன்றுக்காகக் கடையின் மனநிலை முழுவதும் கெடும். யார் மீது சந்தேகம் இருந்தது என்ற ஊகங்கள் பரவும். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரின் பெயரும் அதில் அடிபடும்.

கவுன்ட்டர் மூன்று:

என் மனநிலை கெடுமா கெடாதா என்பதை எனக்காக நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ஊகங்களைப் பற்றிய உங்கள் கவலைக்கும் விடை இருக்கிறது: யார் மீது சந்தேகம் இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என் கவுன்ட்டர் பதிவானது, அதை யார் யார் பார்த்தார்கள், என் குரல் அதில் இருந்ததா, பதிவு எந்த நாளில் அழிக்கப்பட்டது என்பவற்றை மட்டும் எனக்கு எழுத்தில் தாருங்கள். அதில் அடுத்தவரின் பெயர் எதுவும் வரத் தேவையில்லை.