நீச்சல் குளப் பம்பு காற்று இழுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். பின்கட்டுக்கு அப்பால் சின்னதாக ஒரு நீச்சல் குளம் உண்டு.

பம்பு ஓடுகிறது, ஆனால் தண்ணீரை முழுசாக இழுக்கவில்லை. பம்பின் மூடி வழியாகப் பார்த்தால், குப்பை வடிகட்டும் கூடைக்குள் பாதிதான் தண்ணீர். நுரை போலக் காற்றுக் குமிழிகள் ஓயாமல் சுழல்கின்றன. குளத்துக்குத் திரும்பும் குழாயிலும் குமிழி வருகிறது. மணல் ஃபில்டர் மேலுள்ள பிரஷர் மீட்டர் முள் வழக்கத்தைவிடக் கீழே நின்று நடுங்குகிறது.

குளத்தில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறது. கூடையைக் கழுவியாச்சு. மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, சிலிகான் கிரீஸ்தான் தடவினோம் (வாசலின் ரப்பரைக் கெடுக்கும்). அப்புறம், உறிஞ்சும் பக்கத்து மூட்டுகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பம்புக்குள் நுழையும் மரையில் ஊற்றும்போது மட்டும் குமிழி நிற்கிறது. அங்கேதான் கசிவு என்று நினைக்கிறேன். இந்த ஊர் வெயிலில் பிவிசி மரை சுருங்கியிருக்குமோ?

டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றினால் போதுமா, இல்லை அந்தத் துண்டை வெட்டி எடுத்து யூனியனோடு (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) மாற்ற வேண்டுமா? பம்பு பக்கத்து மரையும் பிளாஸ்டிக்தான். இறுக்கினால் விரிசல் விட்டுவிடும் என்று பயம். தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் கருகும் என்பதால் பம்பை நிறுத்தி வைத்திருக்கிறோம். தண்ணீர் பச்சையாகத் தொடங்கிவிட்டது. பம்பு சரியாகும்வரை குளோரினைக் கரைத்து ஊற்றி, கையால் கலக்கிவிட்டால் தாங்குமா?

காரைக்குடிப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.