வட்டாரச் சொல்லகராதி நூலுக்கு வேர்டா, லேடெக்கா, இன்டிசைனா?

கேள்வி

வணக்கம். கொங்கு வட்டாரச் சொற்களை மூன்று பேர் சேர்ந்து தொகுத்து வருகிறோம். எல்லாம் வேர்டு கோப்புகள். பாதி யூனிகோடில், மீதி பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில். ஒருவர் செய்த திருத்தம் மற்றவர் கோப்பில் இருப்பதில்லை.

கட்டளைகள் எழுதிப் பக்கம் கட்டும் லேடெக்கில் முயன்றேன். அதன் ஒரு வகையான பிடிஎஃப்லேடெக் தமிழையே ஏற்கவில்லை. ஸீலேடெக் என்ற இன்னொரு வகையில் எழுத்து வந்தது, ஆனால் 'பொடக்காலி'யில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சிறிய பைத்தான் நிரலால் அகரவரிசைப்படுத்தினால் 'பகல்' முன்னாலும் 'பக்கம்' பின்னாலும் வருகின்றன. அகராதிக்கு வரிசைதானே உயிர்! எந்த மென்பொருளில் செய்வது நல்லது? டெமி அளவில் அச்சிடப் போகிறோம்.

பதில் 1

கொம்புச் சிக்கலுக்கு முதலில் தீர்வு. லேடெக்கில் எழுத்துருக்களைக் கையாளும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துருவை அழைக்கும் வரியில் ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் தமிழ் என்று கொடுத்தீர்களா? அது இல்லாவிட்டால் உயிர்க்குறிகள் இடம் மாறாமல் அப்படியே நிற்கும். லேடெக்கின் மற்றொரு வகையான லுவாலேடெக் என்றால் கூடவே ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும் கொடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

பிடிஎஃப்லேடெக்கை விட்டுவிடுங்கள். ஓப்பன்டைப் எழுத்துருவின் இடமாற்ற விதிகள் அதற்குத் தெரியாது.

பதில் 2

அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இன்டிசைனில் அழகாக வரும். பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்ந்திருந்தால் கொம்பெல்லாம் சரியாக உட்காரும். ஆனால் மெய்ப்பு முடியாத அகராதியை அதில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு சொல் சேரும்போதும் பக்கம் நகரும், திருத்தம் இரண்டு இடத்தில் நடக்கும், கடைசியில் எது சரியான படி என்று யாருக்கும் தெரியாது. ஃபாரம் கணக்கும் (அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம்) மாறிக்கொண்டே இருக்கும்.

பக்கத் தலைப்பில் முதல் சொல், கடைசிச் சொல் வருவது இன்டிசைனில் டெக்ஸ்ட் வேரியபிள் மூலமும், வேர்டில் ஸ்டைல்ரெஃப் புலத்தாலும் முடியும். லேடெக்கிலும் உண்டு. அதை வைத்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பதில் 3

மேலே அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சொல்லைப் பராமரிப்பது ஒரு வேலை, பக்கம் கட்டுவது வேறு வேலை. இரண்டையும் வேர்டு கோப்பில் போட்டதால்தான் இந்தத் தலைவலி.

சொல், பொருள், ஊர், எடுத்துக்காட்டு என்று நெடுவரிசை பிரித்து ஒரே விரிதாளில் போடுங்கள். மூவரும் அதையே திருத்துங்கள். வரிசைக்கு லிபர் ஆபிஸ் கால்க்கில் வரிசைப்படுத்தும் விருப்பங்களுக்குள் போய் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். உங்கள் நிரல் யூனிகோடு எண்ணை மட்டும் பார்க்கிறது. அந்த எண் வரிசையில் புள்ளி எல்லா மெய்களுக்கும் பின்னால் இருக்கிறது. ற ர-வை அடுத்தும், ன ந-வை அடுத்தும், ஜ ச-வை அடுத்தும் இருக்கின்றன. அதனால்தான் 'கறி' 'கலம்' இரண்டிலும்கூட முறை தப்பும்.

பிறகு அந்த விரிதாளை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) எடுத்து லுவாலேடெக்கில் ஊட்டலாம். லேடெக் பழக்கமில்லை என்றால் அதேபோல் பக்கம் கட்டும் டைப்ஸ்ட் மென்பொருளைப் பாருங்கள், 2023-இல் வெளியானது, பிழைச் செய்திகள் புரியும்படி இருக்கும், சிஎஸ்வியை நேராகப் படிக்கும். எனக்குப் பிடித்தது லுவாலேடெக்தான். நீளமான தமிழ்ச் சொற்களை வரி முடிவில் உடைக்க அதற்கு விதிகள் இருக்கின்றன.

கேட்டவர்

ஸ்கிரிப்ட் கொடுத்ததும் பொடக்காலி சரியாகிவிட்டது! மிக்க நன்றி. பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் 'கௌதாரி' என்று தேடினால் சில பதிவுகள் கிடைப்பதில்லை, கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் தெரிகின்றன.

பதில் 3

பாமினியிலிருந்து வந்தவற்றில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இருக்கும். ரகரத்துக்குப் பதில் கால் வந்திருப்பதும் உண்டு. ஸ்ரீயையும் பாருங்கள், இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

கொம்பை அடுத்து ளகரம் வரும் இடங்களைத் தேடிப் பட்டியல் எடுங்கள். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், 'வெள்ளாமை', 'தெளிவு' எல்லாம் கெட்டுப்போகும். எழுத்து வரிசையில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் பதிவாகியிருக்கும் என்பதால் 'கெளிறு' போன்ற நல்ல சொற்களும் அதே பட்டியலில் வரும். கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். இதை முடித்த பிறகு வரிசைப்படுத்துங்கள், முன்னால் செய்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.