பாதி இஎம்ஐ நான் கட்டுறேன், பத்திரத்துல என் பேரு இல்ல. வீட்ல எனக்கு பங்கு உண்டா?

மழைக்காதலி:
கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், சண்டை எதுவும் இல்ல, இத மொதல்லயே சொல்லிடுறேன் இல்லன்னா எல்லாரும் நேரா டைவர்ஸுக்கு போயிடுவீங்க. நாலு வருஷம் முன்னாடி ஃபிளாட் வாங்கினோம், அட்வான்ஸுக்கு அம்மா வீட்ல போட்ட நகையில பாதிய வித்தோம், லோன்ல ரெண்டு பேரும் கையெழுத்து, மாசாமாசம் பாதி இஎம்ஐ என் சம்பளத்துலருந்து அவர் அக்கவுண்டுக்கு போகுது. ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு எனக்கு லீவு கிடைக்கல, "புருஷன் பேர்ல இருந்தா என்ன, பொண்டாட்டிக்கு பாதி தானா வந்துடும்"னாங்க, நானும் விட்டுட்டேன். தானா வருமா?

பழைய_குமாஸ்தா:
வராதும்மா. வக்கீல் ஆபீஸ்ல இந்த "தானா வந்துடும்"ஐ கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. நம்ம நாட்ல தாலி கட்டினதால மட்டும் சொத்து பொதுவாயிடாது. கோவால போர்ச்சுக்கீசியர் காலத்து சிவில் சட்டம், அங்க வேற ஒப்பந்தம் போடலன்னா ரெண்டு பேருக்கும் பொது, நமக்கு அது கிடையாது. அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் அவர் பேர்ல வாங்கின சொத்துல மனைவிங்கிற முறையில உங்களுக்கு குடியிருக்கிற உரிமை உண்டு (2005 குடும்ப வன்முறை சட்டம், 17வது பிரிவு), ஜீவனாம்சம் உண்டு, அவ்ளோதான். லோன்ல போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்னா அவர் கட்டலன்னா பேங்க் உங்கள தேடி வரும். வீடு உங்களோடதுன்னு அர்த்தம் இல்ல. பத்திரத்துல பேர் இல்லாததால வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை கூட நீங்க கேக்க முடியாது.

சும்மா_ஒருத்தன்:
அண்ணே 2023ல மெட்ராஸ் ஹைகோர்ட் வீட்ல இருக்கிற மனைவிக்கும் சரிபாதி பங்குன்னு சொல்லுச்சே, அப்புறம் எப்படி இல்லங்கிறீங்க

பழைய_குமாஸ்தா:
சொல்லுச்சு தம்பி, நல்ல தீர்ப்புதான். புருஷன் சவுதியில சம்பாதிச்சு அனுப்பின பணத்துல வாங்கின சொத்து, அந்தம்மா வீட்டையும் பிள்ளைங்களையும் பாத்துக்கிட்ட உழைப்பும் அதுல இருக்குன்னு கோர்ட் ஏத்துக்கிச்சு. ஆனா கேஸ் நடக்கும்போதே புருஷன் போய் சேர்ந்துட்டார், அதுக்கப்புறம் பிள்ளைங்க நடத்தினாங்க. அவ்ளோ நாள் கோர்ட்டுக்கு அலையறதுக்கு பதிலா ஒரு பத்திரம் எழுதிக்கலாமே.

ரெண்டு_பிள்ளை_அம்மா:
நகைய யாரும் கண்டுக்கல. அம்மா வீட்ல போட்டது ஸ்திரீதனம், அது உங்களுக்கு மட்டுமே சொந்தம், புருஷன் கஷ்டத்துக்கு எடுத்து செலவு பண்ணாலும் திருப்பி கொடுக்கணும்னு 2024ல சுப்ரீம் கோர்ட் மறுபடி சொல்லியிருக்கு. அதனால நகை வித்த பில், அந்த பணம் பில்டருக்கு போன ஸ்டேட்மென்ட், மாசாமாசம் அனுப்புற டிரான்ஸ்ஃபர் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைங்க தங்கச்சி. இன்னொன்னு யாரும் பேச மாட்டேங்கிறாங்க, உயில் எழுதாம அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா (ஆகக்கூடாது) இந்து வாரிசு சட்டப்படி உங்களுக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கு, உங்க மாமியாருக்கு எல்லாருக்கும் சமபங்கு. என் அக்கா வீட்ல மாமியார் பங்க நாத்தனார் எழுதி வாங்கிட்டாங்க, இப்ப வீட்ட விக்கணும்னா அவங்க கையெழுத்தும் வேணும்.

மழைக்காதலி:
ஐயோ மாமியார் பங்கு சத்தியமா தெரியாது. இப்ப பேர் சேர்க்க முடியுமா, லோன் இன்னும் ஓடுதே?

பழைய_குமாஸ்தா:
முடியும். அவர் பாதி பங்க உங்க பேருக்கு செட்டில்மென்ட் பத்திரம் (பணம் வாங்காம சொந்தத்துக்கு எழுதிக் கொடுக்கிறது) எழுதி ரிஜிஸ்டர் பண்ணலாம், குடும்பத்துக்குள்ளங்கிறதால கிரயத்த விட ஸ்டாம்ப் டூட்டி கம்மி. மூலப்பத்திரம் பேங்க்ல அடமானத்துல இருக்கும், அதனால மொதல்ல அவங்ககிட்ட என்ஓசி (ஆட்சேபம் இல்லன்னு லெட்டர்) வாங்குங்க, அதுதான் இழுக்கும். வெறும் பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கி வச்சுக்காதீங்க, அது செல்லாது.

மழைக்காதலி:
நேத்து ராத்திரி அவர்கிட்ட பேசினேன், "என்னை நம்பலயா"ன்னு மூஞ்சி தூக்கிட்டார். மாமியார் பங்கு, நாத்தனார் கையெழுத்து கதைய சொன்னதும் எழுந்து உக்காந்துட்டார் 😄 திங்கக்கிழமை ரெண்டு பேரும் பேங்குக்கு போறோம்.