மிச்சம் விட்ட காது நரம்புக் கட்டி 6 மி.மீ.யிலிருந்து 9 ஆகிவிட்டது

மதுரை மகள்:
அம்மாவுக்கு 58 வயது. 2021ல் இடது காது நரம்புக் கட்டியைத் தலையைத் திறந்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று பயாப்சியில் வந்தது. ஆனால் முகத்துக்குப் போகும் நரம்போடு ஒட்டியிருந்த மெல்லிய பகுதியை எடுக்கவில்லை, சுரண்டினால் முகம் கோணிவிடும் என்று டாக்டர் அன்றே சொன்னார். அப்படியும் மூன்று மாதம் கண் மூடாமல், இரவில் பிளாஸ்திரி ஒட்டித்தான் தூங்கினார். வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக வழியும். இப்போது முகம் தேறி, பழையபடி சிரிக்கிறார்.

போன வாரம் எடுத்த எம்ஆர்ஐயில் மிச்சம் 9 மி.மீ. என்று இருக்கிறது. போன வருடம் 6. அன்றைக்கே முழுசாக எடுக்கச் சொல்லியிருக்கணும் என்று சித்தப்பா சத்தம் போடுகிறார். மறுபடி திறக்கணுமா? அந்த மூன்று மாதத்தை அம்மா இன்னொரு முறை தாங்கமாட்டார்.

வலக்காது:
சகோதரி, எனக்கும் இதே கட்டிதான். 2016ல் ஆபரேஷன், 2019ல் மிச்சம் வளர்ந்தது. டாக்டர் விட்டுவைத்ததில் தப்பில்லை, சித்தப்பாவிடம் சொல்லுங்கள். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஹார்வி கஷிங் என்ற மூளை அறுவை டாக்டர் கட்டியை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு அதன் உறையை விட்டுவைப்பார். உயிர் தப்பும், ஆனால் பலருக்குத் திரும்ப வளர்ந்தது. அப்போது அதற்கு மறுபடி கத்திதான். இன்று கதிர் சிகிச்சை இருக்கிறது.

முதலில் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பழைய சிடி, புது சிடி, ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கேன், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு சென்டரில் எடுத்தபோது எனக்கு 2 மி.மீ. கூடியதாக வந்தது. அங்கே ஸ்கேன் படத்தின் அடுக்குகளைத் தடிமனாக எடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வளர்ந்தது நிஜம் என்றால் காமா நைஃப் சரிப்படுமா என்று கேளுங்கள். பெயரில்தான் கத்தி, தலையைத் திறக்காமல் கட்டியைக் குறிவைத்துக் கதிர் பாய்ச்சுவது அது. எனக்குத் தலையில் நாலு ஸ்க்ரூ வைத்து ஃப்ரேம் மாட்டினார்கள். முறுக்கும்போது நெற்றியில் நன்றாக அழுத்தியது, கொஞ்ச நேரத்தில் மரத்துவிட்டது. கதிரின் அளவு 12 கிரே, ஒரே நாளில் முடிந்தது. கட்டியை அகற்ற அல்ல, வளராமல் நிறுத்தத்தான் அது. ஆறாவது மாத ஸ்கேனில் கட்டி முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்து, அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. கதிரால் வரும் வீக்கம், பொறுத்திருங்கள் என்றார்கள். அடுத்த வருடம் வற்றியிருந்தது.

நியூரோ வார்டு நர்ஸ்:
புதிதாகத் தள்ளாட்டம், முகம் மரத்துப்போவது, தலைவலியோடு வாந்தி, இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.

மதுரை மகள்:
அதெல்லாம் இல்லை அக்கா. 2021 சிடி அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. திங்கட்கிழமை மூன்றையும் எடுத்துப் போகிறோம்.