வீடு முழுக்க லேன் கேபிளா, வைஃபை மட்டும் போதுமா?

கேள்வி:
கீழ்த்தளம், மேல்மாடி. செங்கல் சுவர், கான்கிரீட் தளம். சுவர் வெட்டி கரண்ட் பைப் போட்டாச்சு, பூச்சு வேலை அடுத்த வாரம். ஃபைபர் மோடம் கீழ் ஹாலில் வரும். "இப்பல்லாம் யாரு சார் கேபிள் போடுறா, எல்லாம் வைஃபைதான்"ங்கிறார் எலக்ட்ரீஷியன். வேணும்னா கரண்ட் பைப்லயே ஒண்ணு விட்டுடலாமாம். சரியா?

பதில் 1:
பூச்சுக்கு முன்னாடி கேட்டதே நல்லது. கரண்ட் பைப்ல மட்டும் விடாதீங்க. சிக்னல் இரைச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒயர் இழுக்கும்போது எங்கயாவது இன்சுலேஷன் உரிஞ்சா 230 வோல்ட் நேரா மோடத்துக்கு வந்துடும். தனியா 25 மி.மீ. பைப், கரண்ட் பைப்பை விட்டு ஒரு அடி தள்ளி. குறுக்க போயே ஆகணும்னா செங்குத்தா கடக்கட்டும். மூலையில எல்போ (சட்டுனு மடங்குற துண்டு) கூடாது, பெண்டு (மெல்ல வளையுற துண்டு) போடுங்க. பின்னாடி கேபிள் இழுக்க உள்ள ஒரு நைலான் கயிறு விட்டு வைங்க.

கேட்டவர்:
எல்லா அறைக்கும் வேணுமா?

பதில் 2:
வேண்டாம். இடம் மாறாத சாமானுக்கு மட்டும்: டிவி, மேசைக் கணினி, கேமரா ரெக்கார்டர். போனுக்கு வைஃபைதான். ஆனா கம்பி கட்டின தளத்தைத் தாண்டி மாடிக்குப் போறதுக்குள்ள 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தேய்ஞ்சுடும். ரிப்பீட்டர் வாங்கி மாட்டுறாங்க. ஒரே ரேடியோல வாங்கி அதுலயே திருப்பி அனுப்புற மாடல்னா வேகம் பாதியாயிடும். மாடி ஹால் சீலிங்குக்கு ஒரு கேபிள் ஏத்தி ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்புற பெட்டி) மாட்டுங்க. பி.ஓ.இ. மாடல்னா கரண்டும் அதே கேபிள்ல போயிடும். பழைய ரவுட்டரை வச்சே ஒப்பேத்தணும்னா அதுல டி.எச்.சி.பி.யை (ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐ.பி. முகவரிங்கிற நெட்வொர்க் எண்ணைத் தானா கொடுக்குற வசதி) அணைச்சு, ரவுட்டரோட ஐ.பி. முகவரி மோடத்தோடது மாதிரியே இல்லாம மாத்திட்டு, கேபிளை வான் போர்ட்ல (இன்டர்நெட் உள்ள வர்ற துளை) இல்லாம லேன் போர்ட்ல சொருகுங்க.

பதில் 1:
கேபிள் கேட்-6 ரகம், முழுச் செம்பு. விலை ரொம்பக் குறைவா சொன்னா கம்பியை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா மின்னினா செம்பு பூசின அலுமினியம். அது பி.ஓ.இ.க்கு ஆகாது: மின்தடை அதிகம், சூடாகும், வளைச்ச இடத்துல முறியும்.

அதிகமா கோட்டை விடுறது கேபிள் முனையில ஜாக் அடிக்கிறதுலதான். உள்ள ரெண்டு ரெண்டா முறுக்கின நாலு ஜோடி ஒயர் இருக்கும். "ரெண்டு முனையிலயும் ஒரே வரிசை இருந்தா போதும்"னு ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன்னு ஜோடி ஜோடியா அடுக்கிடுவாங்க. டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியும், வேகம் மட்டும் வராது. காரணம், ஜாக்ல 3-வது ஒயரும் 6-வது ஒயரும் ஒரே முறுக்கு ஜோடியா இருக்கணும். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல பிரிக்காதீங்க.

ஜிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வராம 100 எம்.பி.பி.எஸ்.லயே நின்னா முதல்ல நீலம், பிரவுன் ஜோடிகளைப் பாருங்க. 100-க்கு அந்த ரெண்டும் தேவையில்லைங்கிறதால, அறுந்திருந்தாலும் லைன் ஓடிட்டே இருக்கும்.

பதில் 2:
பூசுறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைப் பிடிச்சு பைப்போட படம் எடுத்து வைங்க. கர்ட்டன் கம்பிக்கு டிரில் போட வர்றவர்கிட்ட காட்டணும்.