காது குடைந்து மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

கிணற்றடி:
மூன்று வருடமாகியும் அந்த இரவு மறக்கவில்லை. நான்கு நாள் கிணற்றுக் குளியல், காதில் அரிப்பு, கையில் பட்ஸ். மீதி உங்களுக்கே தெரியும். புரண்டு படுத்தபோது தலையணை காதில் பட்டது, உயிர் போய் வந்தது. காலையில் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. மருத்துவர் முதலில் காதுக்குள் பார்க்கவே இல்லை. துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை விரலால் அழுத்தினார். நான் போட்ட கத்தலில் வெளியே காத்திருந்த குழந்தை அழுதுவிட்டது. "வெளிக்காதுத் தொற்றுதான்" என்றார் நிதானமாக. சொட்டு மருந்து இறங்க முடியாத அளவுக்கு உள்ளே வீங்கியிருந்ததால் மருந்தில் நனைத்த திரியைச் செருகி அனுப்பினார். சுரண்டிய புண்ணில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறிவிட்டதாம்.

மழைக்காலம்:
எனக்குப் பூஞ்சை. உறிஞ்சி எடுத்துக் காட்டினார்கள்: நனைந்த செய்தித்தாள் போல ஒரு கூழ், மேலே கரும்புள்ளிகள். கடையில் நானாக வாங்கிய ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தை மூன்று வாரம் ஊற்றி வளர்த்திருக்கிறேன்!

பழைய சோறு:
இதற்கெல்லாமா மருத்துவமனை? நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டால் தீர்ந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் காது வலியே வந்ததில்லை.

கிணற்றடி:
ஐயா, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் எங்கே போகும்?

இரவுப்பணி:
முப்பது வருடம் செவிலியாக இருந்தவள். ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, இரண்டு மாதக் காது வலியை எண்ணெயிலேயே ஓட்டிவிட்டு வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தொற்று எலும்புக்குள் இறங்கி முகநரம்பைப் பிடித்துவிட்டது. அந்த முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குறும்பி அழுக்கு அல்ல. அதற்குச் சற்றே அமிலத்தன்மை உண்டு, தண்ணீரை ஒட்டவிடாது, கெட்ட கிருமியை அடக்கும். அதிலும் பாக்டீரியா வாழ்கிறது, பெரும்பாலும் சாதுவானவை. உள்தோல் வெளிநோக்கி வளர்வதால் குறும்பி தானாகவே வந்துவிடும், மெல்லும்போது தாடையும் உதவும். பட்ஸ் அதை உள்ளே தள்ளித் தோலையும் கீறும். ஹேர்பின், சாவி, கோழி இறகு எல்லாம் அதே கணக்குதான். குளித்தபின் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடுங்கள், மடலை மட்டும் துடையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காது வலியோடு ஒருநாளும் காத்திருக்க வேண்டாம்.

பழைய சோறு:
எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது, இரவில் கொஞ்சம் குடைகிறது. இதற்கு எந்த மருத்துவரைப் பார்ப்பது அம்மா?