புதுப்பிப்பு: அந்த '42' ஆண்டே அல்ல

சென்ற வாரம் எழுதிய லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி பற்றி ஒரு திருத்தம். முழங்கால்போல் மடங்கும் அதன் மூட்டின்மேல் 'எஸ்/42' என்று இருந்ததைப் பார்த்து, 1942இல் செய்தது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தவறு. அது ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் ஊரில் இருந்த மவுசர் ஆயுத ஆலையின் ரகசியக் குறியீடு. முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மனியின் ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு விதித்த வெர்சாய் ஒப்பந்தத்தை ஏய்த்து ஆயுதம் குவித்தவர்கள் ஆலையின் பெயரையா பொறிப்பார்கள்?

நண்பர் அனுப்பிய படத்தை நேற்று பெரிதாக்கினேன். தோட்டா அறையின்மேல், கீறல் என்று நான் ஒதுக்கிய இடத்தில், 'ஜி' என்ற ஒற்றை எழுத்து. அதுதான் ஆண்டு: 1935. 'கே' என்றால் 1934. உண்மையிலேயே 1942இல் மவுசர் செய்த லூகரில் மூட்டின்மேல் 'பிஒய்எஃப்' என்ற ஆலைக் குறியீடு, அறையின்மேல் '42' இருக்கும்.

உதிரிகளின் எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கப் பக்கவாட்டுப் படம் கேட்டிருக்கிறேன்.